வாடகைக்கு இருக்கும் மாமா

ஜூன் 14

எழுத்தே இல்லாத படப்புத்தகங்களைப் பற்றி இருநூறு பக்கத்துக்குக் குறையாமல் எழுத வேண்டுமாம். கைடு ஜெயசீலன் சார் இன்று திருவாய் மலர்ந்தருளினார். "படமே போதும்ங்கறதுதானுங்க சார் என்னோட ஆய்வு" என்றேன். "எனக்குப் போதும்மா. யுனிவர்சிட்டிக்குப் போதாது" என்றார். நான் கொடுத்த எந்தப் படத்தையும் அவர் ஒரு வாய் டீ குடிக்கிற நேரத்துக்கு மேல் பார்த்ததில்லை. ஆகவே அவருக்குப் போதும் என்பது உண்மைதான்.

செப்டம்பர் இருபதுக்குள் இரண்டு காரியம் ஆக வேண்டும். ஒன்று ஆய்வேடு. இன்னொன்று, நானே வரைந்த எழுத்தில்லாப் படப்புத்தகம். அதைப் பத்துப் பேரிடம் கொடுத்துக் கதை சொல்லச் சொல்லி, எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள் என்று நிரூபிக்க வேண்டும். 'சொல் பொய் பேசும், படம் பேசாது. எனவே ஒரு படக்கதையை யார் பார்த்தாலும் ஒரே கதைதான் கிடைக்கும்' என்று போன வருடம் எழுதிக் கொடுத்தவள் நானேதான். அப்போது வாய்க் கொழுப்பு கொஞ்சம் அதிகம். நிரூபிக்காவிட்டால் இன்னொரு வருடம் அதே வகுப்பு, அதே சார்.

ஜூன் 17

கதை பிடித்துவிட்டேன். ஒரு கணவன், ஒரு மனைவி. காலையில் அவள் காபி கொடுக்கிறாள், டிபன் கட்டுகிறாள், அவன் வேலைக்குப் போகிறான். சாயங்காலம் மழை. அவள் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வருகிறாள். கடைசிப் பக்கத்தில் இருவரும் ஒரே குடைக்குள் வீடு திரும்புகிறார்கள். பெயர் 'குடை'. இவ்வளவு எளிமையான கதை எனக்கு எப்படித் தோன்றியது என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மாடல் அப்பாவும் அம்மாவும்தான். வீட்டிலேயே சும்மா கிடைக்கிறபோது வெளியில் எதற்குத் தேட வேண்டும்? அப்பா ரங்கசாமி, பம்ப்செட் கம்பெனியில் போர்மேன், வருகிற ஐப்பசியில் அறுபது வயது. அம்மா பரிமளா, வீட்டில். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் போட்டோ எடுத்துக்கொள்வோம். அதைப் பார்த்து உடம்பை அப்படியே வரைவோம், முகத்தை மட்டும் மாற்றிவிடுவோம். முகம் யாருடையதாகவும் இருக்கலாம், நிற்கிற நிலையும் உட்கார்கிற நிலையும் நிஜமாக இருக்க வேண்டும். கோகிலவாணி, அதாவது நான், முதுகு வரைந்தால் அந்த முதுகு யாருடையது என்று தெரிந்துவிடும் என்பார்கள் வகுப்பில். நான் சொல்லவில்லை, அவர்கள் சொல்வது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹாலில் இருந்து அப்பா, "அம்மிணி, உங்கம்மாகிட்ட காபி கேளு" என்றார். அம்மா அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எழுந்து போய், "அம்மா, அப்பாவுக்குக் காபியாமா" என்றேன். "பால் தீந்துபோச்சு, கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்லு" என்றாள். சொன்னேன். எங்கள் வீட்டில் நான்தான் தபால் இலாகா. விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

ஜூன் 22

போட்டோ படலம். அப்பாவை நாற்காலியில் பேப்பருடன் உட்கார வைத்தேன். வைத்தேன் என்பதே மிகை, அவர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். அம்மா டம்ளரை நாற்காலிக் கையில் வைத்தாள். "கொஞ்சம் சிரிச்சாப்பல" என்றேன். அப்பா பேப்பரைப் பார்த்துச் சிரித்தார். அம்மா டம்ளரைப் பார்த்துச் சிரித்தாள். இயல்பாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நானும் கேமராவும், அந்தப் பக்கம் அவர்கள். அப்பா நிற்பது, அம்மா குடையுடன் நடந்து வருவது, குடையை நீட்டுவது எல்லாம் எடுத்தாயிற்று. மழைக்கு நான் பொறுப்பு, பின்னால் வரைந்துகொள்ளலாம். கடைசிப் படத்துக்காக, "ரெண்டு பேரும் ஒரே குடைக்குள்ள வாங்க" என்று கத்தினேன். அப்பா வாட்சைப் பார்த்தார். அம்மா, "மழையே இல்லாம என்னத்துக்குக் கண்ணு, சனம் பாத்தாச் சிரிக்கும்" என்றாள். அதற்குள் வெளிச்சமும் போய்விட்டது. அந்த ஒரு பக்கத்தைப் போட்டோ இல்லாமலே வரைந்துகொள்வேன். இரண்டு பேர், ஒரு குடை. இதற்குப் போட்டோ ஒரு கேடா?

ஜூன் 30

ஆய்வேடு இதுவரை நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் நன்றியுரை.

ஜூலை 5

கல்லூரியில் 'மௌனத்தின் மொழி' என்று ஒரு கருத்தரங்கம். குத்துவிளக்கு, வாழ்த்துப் பாடல், வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, சிறப்புரை. மௌனத்தைப் பற்றிக் காலையில் பேச ஆரம்பித்தவர்கள் பிரியாணி ஆறி எண்ணெய் கட்டின பிறகும் நிறுத்தவில்லை. 'படம் பேச வேண்டும், நாம் பேசக் கூடாது' என்பதை விளக்க ஒருவர் மேடையை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார். நடுவில் கரண்ட் போய் மைக் நின்றது. அன்றைய நிகழ்ச்சியில் தலைப்போடு பொருந்தியது அந்த இடம் ஒன்றுதான். உடனே ஜெனரேட்டரைப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்.

நன்றியுரை நான். "சுருக்கமா முடிச்சிரும்மா, எல்லாரும் களைச்சுப் போயிட்டாங்க" என்றார் ஜெயசீலன் சார்.

ஜூலை 18

டம்மி தயார். அச்சுக்குப் போவதற்கு முன்னால் தைத்துப் பார்க்கிற மாதிரிப் புத்தகத்தைத்தான் டம்மி என்போம். அப்பாவின் வழுக்கையில் முடி நட்டிருக்கிறேன், மீசையை எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு முகத்தை வட்டமாக்கி, கண்ணாடியைக் கழற்றி, பத்து வயதைக் குறைத்தாயிற்று. பெற்ற தாயே பார்த்தாலும் அடையாளம் தெரியாது. கடைசிப் பக்கம் அருமையாக வந்திருக்கிறது. குடைக்குள் அவள் அண்ணாந்து அவனைப் பார்க்கிறாள், அவன் குனிந்து அவளைப் பார்க்கிறான். தெரு விளக்கு மஞ்சளாக வழிகிறது.

அம்மா காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டே என்னவோ முணுமுணுக்கிறாள். கந்த சஷ்டி என்று நினைத்துக் கிட்டே போனால் இந்தி. "ஆப் கா நாம் க்யா ஹை" என்று தேங்காயிடம் பெயர் கேட்கிறாள். என்ன இது என்றேன். "சும்மாதான் கண்ணு. பொழுது போகோணுமில்ல" என்றாள். சீரியல் பார்த்துப் பார்த்துக் கடைசியில் வடக்கத்தி சீரியலுக்கும் போய்விட்டாள் போலிருக்கிறது. தேங்காய் இதுவரை பதில் சொல்லவில்லை.

ஜூலை 26

முதல் வாசகர்கள், அடுத்த தெரு ட்யூஷன் பிள்ளைகள். டம்மியைக் கொடுத்து, பேசுவதை போனில் பதிவு செய்தேன். அப்படியே எழுதுகிறேன்.

"இந்த மாமா வாடகைக்கு இருக்கறாரு. இந்தக்கா ஹவுஸ் ஓனரு."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவிங்க காபி கொண்டாந்து வெக்கறாங்க, இவரு மூஞ்சியவே பாக்க மாட்டீங்கறாரு பாருங்க. எங்க ஹவுஸ் ஓனர் வந்தாலும் எங்கப்பா இப்படித்தான் பேப்பரப் பிடிச்சுக்குவாரு."

"அப்ப டிபன் கட்டறது?"

"சாப்பாட்டோட சேத்து வாடகைங்க மிஸ்."

எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டின. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் ஒரு குழப்பம். ஒருத்தி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது வேற புக்குல இருந்து வந்து ஒட்டிக்கிச்சு" என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை. போனைப் பார்த்தே கண் போய்விட்டது. ஆய்வேட்டில் இதற்குத் தனியாக ஓர் அத்தியாயம் போடலாம், பக்கமும் கூடும்.

ஜூலை 27

பெரியவர்களிடம் போனால் சரியாகிவிடும் என்று மேல் வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "வேலைக்காரம்மா நல்ல மாதிரி. மழையில குடை கொண்டு வந்து குடுக்குது பாரு. இந்தக் காலத்துல இப்படி ஆள் கெடைக்கறது கஷ்டம்" என்றார். கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் முகம் மாறி, "இதெல்லாம் சின்னப் பிள்ளைக புத்தகத்துல வேண்டாம்மா" என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயுமாக நின்றவர்களிடமும் காட்டினேன். அவர்கள் அந்தம்மா மெஸ் வைத்திருப்பதாக முடிவு செய்தார்கள். மெஸ் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார்.

ஆகஸ்ட் 2

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். தாலி. அதை வரைய மறந்திருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் கழுத்தில் மஞ்சள் கயிறு போட்டு ட்யூஷனுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"ஹவுஸ் ஓனரக்காவுக்குக் கல்யாணம் ஆயிருச்சு" என்றார்கள். அப்பாடா என்று இருந்தது. "அவிங்க வீட்டுக்காரரு வெளியூர்ல இருக்கறாரு" என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டுமாம், எடுத்துக் கொடுத்தேன். ரேஷன் கார்டுக்கு என்றாள். எதற்கோ தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு வந்து சுவரோரமாக நின்றாள். ரேஷன் கடைக்காரர் கொடுத்து வைத்தவர்.

ஆகஸ்ட் 9

சுவரில் கல்யாண போட்டோ ஒன்றை மாட்டினேன். மாலையும் கழுத்துமாக அந்த இருவரே. இதற்கு மேலும் ஒரு பிள்ளை மறுத்துப் பேச முடியுமா என்று போனேன்.

"அய்யோ பாவம், அந்தக்காவோட வீட்டுக்காரரு செத்துப்போயிட்டாரு. மாலை போட்டு மாட்டியிருக்காங்க."

"அந்த மாலை கல்யாண மாலை. போட்டோவுல இருக்கறவரும் இந்த மாமாவும் ஒரே ஜாடைதான, பாருங்க."

கூடிப் பேசிவிட்டு, "அப்ப இவரு செத்துப்போனவரோட தம்பி" என்றார்கள்.

தாலி போட்டும் தம்பியாகத்தான் இருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைத்து வரைந்து பார்த்தேன். இரண்டு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு டவுன்பஸ்ஸில் நிற்பவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். அழித்தேன்.

ஆகஸ்ட் 10

எழுத்துக்கு எதிராக நான் ஆய்வு செய்துகொண்டிருக்க, அம்மா எனக்கு எதிராகப் போராட்டம் தொடங்கிவிட்டாள். சமையலறையில் எல்லா டப்பாவிலும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். துவரம்பருப்பு, கடுகு, சீரகம், காபித்தூள், பொடியாக இன்னும் என்னென்னவோ எழுத்து. ஸ்விட்ச் போர்டில்கூட 'மோட்டார்' என்று ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கடுகை எடுப்பவளுக்கு எதற்குச் சீட்டு? "வயசாகுதுல்ல கண்ணு, மறந்துபோகுது" என்றாள். அம்மாவுக்கு எதுவும் மறந்து நான் பார்த்ததில்லை. ஏதாவது மறதி வியாதியோ என்று நினைத்தேன், பிறகு மறந்துவிட்டேன்.

ஊரிலிருந்து அத்தை போன். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் நான்தான் வரைய வேண்டும் என்று உத்தரவு. "படிச்சுக் கிழிச்சது இதுக்காவது ஆகட்டும்" என்றாள். வரைந்து அம்மாவிடம் காட்டினேன்.

"நல்லாருக்குது. தேதிய மட்டும் இப்பப் போடாத."

"ஜோசியர் குறிச்சுக் குடுத்துட்டாராமா."

"போடாத கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்பாவிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், உங்கம்மாவக் கேளு" என்றார். தேதி இல்லாத அழைப்பிதழ் மேசைமேல் கிடக்கிறது.

ஆகஸ்ட் 17

ஜெயசீலன் சார் பதிவுகளைப் படித்துவிட்டு, "ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்களேம்மா" என்றார்.

"இல்லைங்க சார். எல்லாருமே அவங்க புருஷன் பொண்டாட்டி இல்லைன்னுதான் சொல்றாங்க. அதுல ஒத்துமையா இருக்காங்க."

"அப்படீன்னா தப்பு வாசகர்கிட்ட இல்ல, படத்துலதான். கீழ ஒரு வரி போட்டுரு. 'ஒரு ஊரில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.' பிரச்சினை முடிஞ்சுது."

எழுத்தில்லாப் படப்புத்தகத்தில் ஒரு வரி. சைவ ஓட்டலில் ஒரே ஒரு முட்டை மாதிரி. செப்டம்பர் இருபதுக்குள் சரி செய்யாவிட்டால் அடுத்த வருடம்தான் என்றும் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து போட்டோக்களைப் பெரிதாக்கி, நான் வரைந்த கோடுகளையும் போட்டோவையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டேன். ஒரு கோடு தப்பில்லை.

ஆகஸ்ட் 30

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், நாளைக்கு நகைச்சுவையாக மாற்றிவிடுவேன்.

மத்தியானம் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஊர்ல இருக்கறவிங்களுக்கெல்லாம் காட்டறே. என்னைய ஒருக்கா கேட்டயா?"

"நீ மாடல்மா. மாடலே வாசகரா இருந்தா ஆராய்ச்சி கெட்டுப்போயிரும்."

"இதுக்கு மேல என்ன கெடப்போகுது, குடு."

பொறுமையாகப் பார்த்தாள். முதல் பக்கத்தில், "டம்ளர் நசுங்குனதக்கூட விடாமப் போட்டிருக்கற" என்றாள். பஸ் ஸ்டாப் பக்கத்தில், "கால் வலிச்சா நான் இப்படித்தான் சாஞ்சு நிப்பனா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தாள். "முகத்த மாத்தி என்ன பிரயோசனம். நாங்கதான்னு தெரியுது."

கடைசிப் பக்கம் வந்தது. அம்மா குடையைப் பார்த்தாள், மஞ்சள் விளக்கைப் பார்த்தாள், அண்ணாந்து பார்க்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"இது மட்டும் போட்டோ பாக்காம வரைஞ்சது."

"எப்படிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியாதா."

பிறகு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கறிகாய் விலை சொல்கிற குரலில் சொன்னாள். திருப்பூரில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் வார்டன் வேலை கிடைத்திருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்த பெண்கள். அங்கேயே தங்க வேண்டும். ஏழாம் தேதி கிளம்புகிறாள். இந்தி, போட்டோ, டப்பாவில் சீட்டு எல்லாம் எனக்கு அப்போதுதான் வரிசையாக வந்து நின்றது. புத்தகத்துக்குப் புத்தகம் படத்தை வாசித்துக் குறிப்பெழுதுகிறவள் நான்.

"அப்பா என்னம்மா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல."

"திட்டினாரா? வேற ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல கண்ணு. ஒண்ணுமே பண்ணலீங்கறேன்."

"ஐப்பசியில அறுபதாம் கல்யாணம்மா."

"மொதக் கல்யாணமே இன்னும் ஆரம்பிக்கல" என்றாள். சிரித்தாள்கூட. எனக்கு அழுகை வந்தது. அம்மாமேல் கோபமும் வந்தது, அதைவிட அதிகமாக என்மேல் வந்தது. மாதக்கணக்கில் அந்த இரண்டு பேரையும் கோடு கோடாகப் பார்த்து வரைந்திருக்கிறேன். பிறகு வாசகர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுந்து போகும்போது, "உங்கப்பாகிட்ட நீ சொல்லிரு கண்ணு" என்றாள்.

ஆகஸ்ட் 31

சொன்னேன். அப்பா பேப்பரைத் தாழ்த்தவில்லை.

"எப்ப வருவாளாமா?"

"தெரியலீங்கப்பா."

"கேட்டுச் சொல்லு."

அம்மா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், கதவு திறந்தே இருந்தது. போய்க் கேட்டேன். "பாக்கலாம்னு சொல்லு" என்றாள். வந்து சொன்னேன். அப்பா சரி என்றார். காலையில் படித்த அதே பக்கத்தைச் சாயங்காலமும் படித்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 1

தபால் இலாகா ராஜினாமா கொடுக்க விரும்புகிறது. யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 7

பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாவும் வந்தார். "பை கனமா இருக்குதுல்ல" என்றார், என்னிடம். அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். அப்பா கீழே நின்று பஸ்ஸின் போர்டைப் படித்தார். திருப்பூர் என்பதைப் படிக்க இவ்வளவு நேரம் ஆகுமா என்று எரிச்சலாக இருந்தது.

தூறல் விழுந்தது. அம்மா பையைத் திறந்து குடையை எடுத்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். "நனையாமப் போகச் சொல்லு" என்றாள் என்னைப் பார்த்து. நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா தானாகவே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பஸ் நகர்ந்தது. அப்போது அவர் அண்ணாந்து அம்மாவைப் பார்த்தார். குடையைப் பிரிக்கவில்லை, நனைந்துகொண்டே பார்த்தார். அம்மா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போட்டோ எடுத்தேன். பெற்றவள் போகிறபோது போட்டோ எடுக்கிறாயே, நீயெல்லாம் ஒரு மகளா என்று எனக்கே தோன்றியது. எடுத்துவிட்டுத்தான் தோன்றியது.

செப்டம்பர் 9

அப்பா சமையலறையில் டப்பா டப்பாவாக வாசித்துக்கொண்டிருந்தார். காபித்தூள் டப்பாவின் முன்னால் வெகுநேரம். அவர் போனதும் நானும் போய்ப் பார்த்தேன். 'காபித்தூள். ரெண்டு ஸ்பூன் போடுங்க. சக்கரை அரை ஸ்பூன் போதும், டாக்டர் சொன்னது நெனப்பிருக்கட்டும்' என்று எழுதியிருந்தது. அம்மா அவரிடம் நேராகப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காபி கழுநீர் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.

செப்டம்பர் 14

குடைக்குள் நிற்கிற அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அந்த இடத்தில் பஸ், ஜன்னல், நனைகிற மனிதர், கையில் பிரிக்காத குடை. தாலியையும் கல்யாண போட்டோவையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டேன், ஆபாசமாக இருந்தது. ட்யூஷனுக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் வழக்கம்போல ஹவுஸ் ஓனர், வாடகை என்று ஆரம்பித்துக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். கிட்டே குனிந்து பார்த்தார்கள். பிறகு, அன்றைக்கு வேறு புத்தகத்துப் பக்கம் என்று சொன்னாளே, அவள்தான் சொன்னாள்.

"மிஸ், இவரு வாடகைக்கு இல்ல. இவருதான் அந்தக்காவோட வீட்டுக்காரரு. அந்தக்கா ஊருக்குப் போறாங்க."

"இப்ப மட்டும் எப்படித் தெரியுது?"

"பாக்கறாரில்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். பேக்கரியிலும் அதையே சொன்னார்கள். ஹெட்மாஸ்டர், "பாவம், இத்தன நாள் கண்ணு எங்க போச்சாம் அவனுக்கு" என்றார். பத்துப் பேர், ஒரே கதை.

செப்டம்பர் 16

ஜெயசீலன் சாருக்கு ஏக சந்தோஷம். பதிவுகளை மட்டும் படித்தார், புத்தகத்தைப் புரட்டவில்லை. "கருதுகோள் நிரூபணம். ஒரே ஒரு பக்கம்தான மாத்தினே? இத மொதல்லயே செஞ்சிருக்கலாமேம்மா" என்றார்.

செய்திருக்கலாம் சார் என்றேன்.

செப்டம்பர் 20

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. இருநூற்று ஆறு பக்கம். டம்மியில் ஒன்று வீட்டு மேசையில் கிடந்தது. சாயங்காலம் அப்பா அதை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் போனார். பேப்பர் தவிர வேறொன்றை அவர் கையில் பார்ப்பதே அபூர்வம் என்பதால் நான் நகரவில்லை.

"எழுத்தே இல்லையே அம்மிணி, எப்படிப் படிக்கறது?"

"சும்மா பாருங்கப்பா. என்ன தோணுதோ அதச் சொல்லுங்க."

பார்த்தார். காபி, டிபன், பேப்பர். "ஆரு இவன்? வாடகைக்கு இருக்கறவனாட்ட இருக்கறான்" என்றார்.  அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாதுதான், இருந்தாலும்.  பஸ் ஸ்டாப்பைக் கடந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

அந்தக் குடையை அவருக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் ஆணியில் அதே குடை தொங்கிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பி அதைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்துக்குப் போய், டம்ளரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பக்கமாக மறுபடி பார்த்தார். 

"உங்கம்மா இதப் பாத்தாளா?"

"பாத்தாங்க. கடைசிப் பக்கம் அப்ப வேற."

"என்ன சொன்னா?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை வருடப் பழக்கம். அதை விழுங்கிவிட்டு, "நீங்களே கேளுங்கப்பா" என்றேன்.

அப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கொஞ்ச நேரம் தடவிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அவ நம்பர் எங்கிட்ட இல்லையே அம்மிணி. என்ன வேணும்னாலும் உனக்குத்தான கூப்புடுவேன்."

திட்டலாம் போலத்தான் இருந்தது. பென்சிலை எடுத்து, அவர் கையில் இருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பஸ்ஸுக்குக் கீழே, அம்மாவின் நம்பரை எழுதினேன். எண்கள் எழுத்தாகா என்று ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்திருக்கலாம்.

செப்டம்பர் 24

அம்மா போன் செய்தாள். ஹாஸ்டல் பெண்கள் அவளை மௌசி என்று கூப்பிடுகிறார்களாம், சித்தி என்று அர்த்தமாம். அவள் இந்தியைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம். எல்லாம் சொல்லிவிட்டு, "உங்கப்பா சாப்பிட்டாரா?" என்றாள். "எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.  சரி கண்ணு என்று வைத்துவிட்டாள்.

அப்பா இதுவரை அவளுக்குப் போன் செய்யவில்லை. புத்தகத்தை எனக்குத் திருப்பித் தரவும் இல்லை.